சரிவைப் பங்கிடும் கலை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாமக்கல் 218 மீட்டரை ஒட்டி இருக்கிறது. வழியில் வரும் சிறு மேடுகளை விட்டுவிட்டால், 50 கிலோமீட்டருக்கு நிலம் இறங்குவது 60 மீட்டர்தான். அதே சேலத்திலிருந்து வடக்கே ஏற்காட்டுக்குத் தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். ஏறவேண்டிய உயரமோ ஆயிரம் மீட்டருக்கு மேல். காரில் போகிறவருக்கு நாமக்கல் தொலைவு, ஏற்காடு பக்கம். சைக்கிளில் போகிறவருக்கு நாமக்கல் பக்கம், ஏற்காடு தொலைவு.

சைக்கிள் மிதிப்பவரின் கால்கள் தூரத்தைவிட உயரத்தைத்தான் கூர்மையாக உணரும். ஆகவே சேலம், நாமக்கல் சமவெளியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் புரிந்துகொள்ள சைக்கிளைவிடச் சிறந்த கருவி கிடையாது. அந்தக் கருவி நமக்கு முதலில் சொல்லும் செய்தி இது: இந்த நாட்டில் ஏரி வெட்டியவரும், மலையில் சாலை போட்டவரும், கொல்லிமலையில் படிப்படியாக வயல் கட்டியவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். இயற்கை கொடுத்த சரிவை, மனிதருக்கும் மண்ணுக்கும் தாங்கும் அளவில் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மலை ஏன் நிற்கிறது, ஏரி ஏன் கீழே இருக்கிறது

சேலம் நகரின் வடக்கே ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலை. தெற்கே ஜருகுமலை. தென்மேற்கே இரும்புத் தாதுக்குப் பேர்போன கஞ்சமலை. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் போதமலை. நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை. இவற்றுக்கு நடுவே எண்ணற்ற கரடுகள். இவை எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தனித்தனித் துண்டுகள்.

சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. புவியோட்டின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மேலே இருந்த பல கிலோமீட்டர் தடிமனுள்ள நிலம் காலப்போக்கில் அரித்துப்போன பிறகே இது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. சுற்றியிருந்த பாறைகள் மழைக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் இளகி மண்ணாகிச் சமவெளியாகிவிட, இது மட்டும் எதிர்த்து நின்றது. அதனால்தான் இங்குள்ள மலைகள் மெல்ல மெல்ல உயராமல், சமவெளியிலிருந்து சட்டென்று சுவர்போல எழுகின்றன.

சுவரேறி மேலே போனால் இன்னொரு வியப்பு. உச்சி கூராக இல்லை. அகன்ற மேட்டுநிலமாக விரிந்திருக்கிறது. பழங்காலத்து நிலப்பரப்பின் மிச்சம் அது. வெப்பமண்டல மழையில் நெடுங்காலம் ஊறி, மற்றவை கரைந்துபோய் அலுமினியம் மட்டும் தேங்கிய பாக்சைட் படிவுகள் இரு மலைகளின் தலையிலும் இருக்கின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அவற்றிலிருந்து தாது வெட்டினார்கள். கீழே ஏறக்குறைய மட்டமான சமவெளி, நடுவில் செங்குத்தான சுவர், மேலே அலையலையான மேட்டுநிலம் என்ற இந்த மூன்று அடுக்குகளையும் ஒரே காலைப்பொழுதில் சைக்கிளில் கடந்துவிடலாம். அதுதான் இந்த வட்டாரத்தின் சிறப்பு.

கடினப் பாறைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதனுள் தண்ணீர் தங்க இடமில்லை. விரிசல்களிலும் மேலே உள்ள மெல்லிய மண்ணிலும் தங்குவதுதான் நிலத்தடி நீர். ஆகையால் மலைச்சுவரில் பெய்யும் மழை வேகமாக இறங்கி ஓடிவிடும். அதைப் பிடித்துவைக்க நிலத்தின் மேலேயே ஏற்பாடு செய்தாக வேண்டும். ஏரிகள் அப்படிப் பிறந்தவை.

கரை ஏன் மட்டமாக இருக்கிறது

ஏரி கட்டுவதில் ஒரு எளிய வடிவியல் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மூன்று மீட்டர் மட்டும் இறங்கும் நிலத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி கரை போட்டால், அந்தத் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் பின்னால் வரை பரவி நிற்கும். அதே கரையை நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் மலைச்சரிவில் போட்டால், தண்ணீர் 60 மீட்டர் மட்டுமே பரவும். செலவான மண் அதேதான். கிடைக்கும் நீர் மிகச் சொற்பம். ஆகவே மலையின் மேலேயும் வேண்டாம், மலையை விட்டு வெகுதூரமும் வேண்டாம். சுவர் முடிந்து சமவெளி தொடங்கும் அந்த மென்சரிவுப் பட்டைதான் ஏரிக்கு ஏற்ற இடம். அடிவார ஊர்களில் ஏரிகள் வரிசையாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

சேர்வராயன் மலையின் தென்சரிவில் பெய்யும் மழை கன்னங்குறிச்சிப் புது ஏரிக்கு வந்து, அது நிரம்பிய பிறகு மூக்கனேரிக்கு இறங்குகிறது. மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் ஊடாக ஓடி, வழியெங்கும் ஏரிகளுக்கு நீர் கொடுத்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மேலேரி நிறைந்து கோடி போனால் அந்த நீர் வாய்க்கால் வழியே கீழேரிக்குப் போகும். ஒரே வீச்சில் காவிரிக்கு ஓடிவிடக்கூடிய வெள்ளம், படிப்படியாக நிறுத்தி நிறுத்தி இறக்கப்படுகிறது. நின்ற இடமெல்லாம் கிணறுகள் ஊறுகின்றன.

இதில் சைக்கிள்காரருக்கு என்ன? ஏரிக்கரையின் தலைமட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் ஒரு சாண் தாழ்ந்தாலும் பெருமழையில் தண்ணீர் அந்த இடத்தில் வழிந்து கரையை அறுத்துவிடும். அதனால் சமஉயரக் கோட்டை ஒட்டி வளைந்து செல்லும் ஏரிக்கரை, தன் இயல்பிலேயே இந்த வட்டாரத்தின் மிக மட்டமான பாதை. நவீன அளவைக் கருவிகள் வருமுன்பே தண்ணீரையே மட்டப்பலகையாக வைத்துப் போட்ட பாதை அது. கரைமேல் போகும்போது மூச்சு சீராவதையும், கரை முடிந்து வயல்வெளிக்கு இறங்கும்போது சைக்கிள் தானாக வேகமெடுப்பதையும், அடுத்த கரைக்கு ஏற ஒரு சிறு அழுத்தம் தேவைப்படுவதையும் கால்கள் அறியும். ஏரித்தொடரின் படிகளை இப்படி உடலால் எண்ணிவிடலாம்.

மார்கழிக் காலையில் ஏரிக்கரைப் பாதைகள் இன்னொரு பாடமும் நடத்தும். இரவில் மலைச்சரிவு வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து தாழ்ந்த இடங்களில் தேங்குகிறது. ஆகவே விடியற்காலையில் பள்ளத்தில் குளிரும், மேட்டில் வெதுவெதுப்பும் இருக்கும். வழக்கமான விதிக்கு நேர்மாறான இந்த வெப்பநிலைத் தலைகீழ் மாற்றத்தை, ஒரு மேடு ஏறி இறங்கும் சைக்கிள்காரரின் கன்னம் சில விநாடிகளில் கண்டுகொள்ளும். பகலில் வாங்கிய வெப்பத்தை இன்னும் வைத்திருக்கும் ஏரி நீரின்மேல் அந்தக் குளிர்காற்று வந்து நிற்கும்போது, நீராவி குளிர்ந்து நுண்துளிகளாகிப் பனிப்புகையாக எழுகிறது. வெயில் ஏறியதும் கதை மாறுகிறது. சூடான மலைச்சரிவை ஒட்டிய காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். மலை ஏறுபவருக்கு முதுகில் ஒரு மெல்லிய துணை கிடைக்கும்.

சமவெளியில் பகை காற்று

சமதளத்தில் சைக்கிள் மிதிக்கும்போது நாம் எதை எதிர்த்து உழைக்கிறோம்? டயர் உருளும்போது நசுங்கி மீள்வதால் ஏற்படும் இழப்பு ஒன்று. காற்றைக் கிழித்துச் செல்வது இன்னொன்று. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பழக்கமுள்ள ஒருவர் இரண்டு மணிநேரம் தொடர்ந்து தரக்கூடிய 150 வாட் திறனில், காற்று வீசாத நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 28 கிலோமீட்டர் அளவில் போகலாம். அந்தத் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது.

காற்றுத்தடை வேகத்தின் இருமடிப்படி வளரும். இதனால் ஒரு கசப்பான கணக்கு வருகிறது. ஆடி மாதத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அதே 150 வாட்டுக்கு வேகம் 20-க்கு இறங்கிவிடும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 38 வரை ஏறும். சராசரி பார்த்தால் லாபம்போலத் தோன்றும். ஆனால் போக 25 கிலோமீட்டர், வர 25 கிலோமீட்டர் என்றால், காற்றில்லாத நாளில் 107 நிமிடத்தில் முடியும் பயணம் இப்போது 114 நிமிடம் பிடிக்கும். எதிர்க்காற்றில் செலவழிக்கும் நேரம் அதிகம். அனுகூலக் காற்றில் கிடைக்கும் நேரம் குறைவு. காற்று வாங்கிய கடனை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கால்கள் புதிதாக இருக்கும் காலையில் மேற்கு நோக்கிப் போய், களைத்த பிறகு கிழக்கு நோக்கித் திரும்புவதே அறிவு. கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நெருங்கி மிதித்தால், பின்னால் வருபவருக்குக் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சமாகும்.

சுவரில் பகை பூமி

ஏற்காட்டு அடிவாரத்தில் சோதனைச்சாவடியைக் கடந்த உடனே காற்று என்ற பகை விலகிவிடுகிறது. அடிவாரத்திலிருந்து ஊர் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். சராசரிச் சரிவு 5 சதவீதம். நமது 80 கிலோவை அந்தச் சரிவில் பின்னுக்கு இழுக்கும் புவியீர்ப்பு விசை சுமார் 39 நியூட்டன். அதே 150 வாட்டுக்கு இப்போது வேகம் மணிக்கு 11 அல்லது 12 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றுத்தடை வெறும் 5 சதவீதம். 85 சதவீத உழைப்பு எடையைத் தூக்குவதற்கே போகிறது. சமவெளியில் குனிந்து காற்றைக் கிழித்தவர் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்து தாராளமாக மூச்சு விடலாம்; இழப்பு ஏதுமில்லை.

80 கிலோவை ஆயிரம் மீட்டர் உயர்த்த 784 கிலோஜூல் வேலை செய்யவேண்டும். தின்ற உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் தசை இயக்கமாக மாற்றும். ஆகவே ஏற்காட்டின் உயரத்துக்கு மட்டும் சுமார் 780 கிலோகலோரி தேவை. பத்துப் பதினைந்து இட்லிக்குச் சமம். சமவெளியில் பத்துக் கிலோமீட்டர் தாண்டுமுன் எதையாவது கொறித்துக்கொண்டே போகவேண்டும் என்று மூத்த சைக்கிள்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். பசித்த பிறகு சாப்பிட்டால் அது தசைக்குப் போய்ச் சேர நேரமாகும்.

கியர் எதற்கு என்ற கேள்விக்கும் இந்தச் சுவரில்தான் விடை கிடைக்கும். கியர் ஆற்றலைக் கூட்டாது. பள்ளி மாணவர்கள் ஓட்டும் ஒற்றைக் கியர் சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் ஐந்து மீட்டர் நகரும். மணிக்கு 11.5 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 38 சுற்று. ஒவ்வொரு கணமும் பெடலை அழுத்தவேண்டிய சராசரி விசை சுமார் 23 கிலோ எடைக்குச் சமம். மிதியின் உச்சத்தில் அது இருமடங்காகும். மலைக்கேற்ற சிறு கியரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல்தான் வண்டி நகரும். நிமிடத்துக்கு 87 சுற்று. அழுத்தம் 10 கிலோவுக்குக் குறைவு. வேலை அதே, வேகம் அதே. கனமான சில அடிகளை இலேசான பல அடிகளாகப் பிரித்ததுதான் வித்தியாசம். தசை முழு விசையில் இறுகும்போது தன் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. இலேசான அழுத்தத்தில் ரத்தம் தடையின்றி ஓடி ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. முழங்காலும் தப்பிக்கிறது.

கொண்டை ஊசியின் இரு முகங்கள்

ஏரிக்கரை போட்டவர் தண்ணீருக்குச் செய்ததை மலைச்சாலை போட்டவர் சக்கரத்துக்குச் செய்திருக்கிறார். மலைச்சுவரின் இயல்பான சரிவு 50 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதை 5 சதவீதமாக்க, பாதையைப் பத்து மடங்கு நீட்டவேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே திசையில் போட மலைமுகத்தில் இடமில்லை. ஆகவே மடிக்கவேண்டியிருக்கிறது. மடிப்புகள்தான் கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுச் சாலையில் 20. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70. ஏறும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். சேர்வராயன் சாலை மலையின் பக்கவாட்டில் நீண்டு ஓடி ஓடி ஏறுகிறது. கொல்லிமலைச் சாலை ஒரே மலைமுகத்தில் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை திரும்பித் திரும்பி ஏறுகிறது.

மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிகள், சாதாரணமாகச் சரிவு 5 அல்லது 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது; வளைவின் சரிவு 2.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரு வளைவுகளுக்கு இடையே குறைந்தது 60 மீட்டர் இடைவெளி வேண்டும். முறையாகப் போட்ட சாலையில் வளைவு ஒவ்வொன்றும் ஏறுபவருக்கு ஒரு சிறு ஓய்வுமேடை. இந்த நெறிகளுக்கு முந்திய பழைய மலைச்சாலைகளில் எல்லா வளைவும் இவ்வளவு தாராளமாக இருக்காது.

அங்கேதான் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. வளைவுக்குள் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, எந்தத் தடத்தில் போனாலும் ஒன்றுதான். ஆனால் உள்தடம் குறுகியது, வெளித்தடம் நீண்டது. நடுக்கோட்டில் 10 மீட்டர் ஆரமும் 6 சதவீதச் சரிவும் கொண்ட ஓர் இறுக்கமான வளைவை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் நீளம் 31 மீட்டர், ஏற்றம் 1.9 மீட்டர். மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப் போனால் நீளம் 22 மீட்டர், சரிவு 8.6 சதவீதம். மூன்று மீட்டர் வெளியே தள்ளிப் போனால் 41 மீட்டர், சரிவு 4.6 சதவீதம். ஒரே வளைவு, ஏறக்குறைய இருமடங்கு வித்தியாசம்.

நம் நாட்டில் இடப்பக்கம் போகவேண்டும். ஆகவே மலை ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்குக் கிடைப்பது செங்குத்தான உள்தடம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் கிடைப்பது சாய்வான வெளித்தடம். வளைவுகள் இடம், வலம் என்று மாறி மாறி வருவதால், ஒன்று கால்களை இறுக்கும், அடுத்தது விடுவிக்கும். இதைத் தெரிந்தவர் இடவளைவுக்கு முன்பே சிறு கியருக்கு மாறிக்கொள்வார். சரிவு குறைவு என்று ஆசைப்பட்டு இடவளைவில் நடுச்சாலைக்கு ஒதுங்குவது ஆபத்து. மேலிருந்து இறங்கும் பேருந்து, தன் நீளத்தைத் திருப்ப முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு எதிரே வரும்.

காடு மாறும், வியர்வை மாறாது

உயரம் கூடக்கூட, சராசரியாக ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் 6.5 டிகிரி வெப்பம் குறையும். காற்று மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும்போது ஏற்காட்டில் 31 இருப்பது இதனால்தான். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் மழையும் அங்கே கூடுதல். 20 கிலோமீட்டருக்குள் காடு மூன்றுமுறை உடைமாற்றுகிறது. அடிவாரத்தில் முட்புதர், நடுமலையில் மூங்கிலும் கோடையில் இலையுதிர்க்கும் மரங்களும், உச்சியை நெருங்கும்போது பசுமை மாறாத சோலைத் துண்டுகள். அவற்றின் நடுவே காப்பித் தோட்டங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அதன்மேல் படர்ந்திருக்கும் மிளகோ நம் மண்ணுக்குரியது.

நிழலும் குளிர்ச்சியும் இருந்தும் ஏறுபவர் ஏன் சமவெளியைவிட அதிகமாக நனைகிறார்? 150 வாட் வேலை செய்யும் உடல் அதோடு சுமார் 475 வாட் வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். வியர்வை ஆவியாவதுதான் முக்கிய வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் போகும். ஆக மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியாக வேண்டும். சமவெளியில் 28 கிலோமீட்டர் வேகத்தில் உடலைத் தழுவும் காற்று அதை உடனே எடுத்துச்சென்றுவிடும். மலையில் 11 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்று இல்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது. கோடையில் மலை ஏறுவதாக இருந்தால் விடியுமுன் அடிவாரத்தில் இருக்கவேண்டும் என்பது உயிர்காக்கும் கணக்கு. தண்ணீரோடு சிறிது உப்பும் வேண்டும். நம் ஊர் நீர்மோர் இதற்கு அருமையான பானம்.

இறக்கத்தின் கடன்

ஏறிச் சேமித்த 784 கிலோஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். பிரேக்கே பிடிக்காமல் 5 சதவீதச் சரிவில் விட்டால், காற்றுத்தடை ஈடுகட்டும் வரை வண்டி வேகமெடுத்து, மணிக்கு 44 கிலோமீட்டரில் போய் நிற்கும். மணிக்கு 25 கிலோமீட்டரில் பிடித்து இறக்கினால், பிரேக்கில் தொடர்ந்து சுமார் 160 வாட் வெப்பம் உருவாகும். விளிம்பைப் பிடிக்கும் பிரேக் என்றால் அந்தச் சூடு டயருக்குள் இருக்கும் ட்யூபுக்குப் போகும். நீண்ட இறக்கத்தில் ட்யூப் வெடிப்பது இதனால்தான். தொடர்ந்து இழுத்துப் பிடிக்காமல், நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்திக் குறைத்து, மறுபடி விட்டு இறங்கினால், இடைவெளிகளில் விளிம்பு ஆறும்; கூடிய வேகத்தில் காற்றே பிரேக்கின் பங்கைச் செய்யும்.

வளைவில் சாய்வதற்கும் ஒரு எல்லை உண்டு. 15 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்ப 12 டிகிரி சாய்ந்தால் போதும். 30-ல் 25 டிகிரி. 40-ல் 40 டிகிரி. அந்தச் சாய்வைத் தாங்க டயருக்கும் சாலைக்கும் இடையே 0.84 உராய்வுக் கெழு வேண்டும். காய்ந்த நல்ல தார்ச்சாலையே சுமார் 0.7, 0.8 தான் தரும். நனைந்தால் அதில் பாதிக்குப் பக்கம். மணலோ உதிர்ந்த இலையோ இருந்தால் இன்னும் குறைவு. வேகம் இருமடங்கானால் தேவையான பிடிமானம் நான்கு மடங்கு. ஆகவே மலைச்சாலையில் வேகத்தைக் குறைக்கவேண்டிய இடம் வளைவுக்கு முன். வளைவுக்குள் பிரேக் பிடிப்பவர், சாய்வதற்குத் தேவையான பிடிமானத்தைப் பிரேக்குக்குக் கொடுத்துவிடுகிறார். இறங்கும்போது மிக இறுக்கமான தடம் இடவளைவின் உள்தடம். குரங்குகள் உட்கார்ந்திருக்கும் இடமும் பெரும்பாலும் வளைவுதான். வாகனங்களிலிருந்து தின்பண்டம் எறிகிறவர்கள் அவற்றை அங்கே பழக்கிவைத்திருக்கிறார்கள்.

ஒரு பாதை, ஒரு கோரிக்கை

இவ்வளவையும் ஒரே பயணத்தில் படிக்க விரும்புகிறவருக்கு ஒரு வழி சொல்லலாம். சேலத்திலிருந்து தெற்கே பனமரத்துப்பட்டி. ஜருகுமலைக்கும் போதமலைக்கும் அருகே, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த ஏரி அங்கே இருக்கிறது. சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-ல் அமைத்தது. மேட்டூர் நீர் வந்த பிறகு நகரம் அதை மறந்தது. சீமைக்கருவேல் அதைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து மல்லூர், ராசிபுரம், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. பிறகு 70 வளைவுகள் ஏறிச் சோளக்காடு. மேலே பள்ளத்தாக்குகளில் படிப்படியாக நெல்வயல்கள். சரிவுகளில் மரவள்ளியும் மிளகும் பலாவும். சாமையும் தினையும் விளைந்த மலை இது. அந்தச் சிறுதானிய வகைகள் அழியாமல் காக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள மலைவாழ் உழவர்களோடு நெடுங்காலம் உழைத்திருக்கிறது. திரும்பும்போது முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கினால் வளைவுகள் குறைவு. நாமக்கல் பக்கம் இறங்குகிறவர்கள் தூசூர் ஏரிக்கும் பழையபாளையம் ஏரிக்கும் போகலாம். பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியோடு வரும் ஏரிகள் அவை.

இந்தப் பாதையில் போகிறவர் கட்டாயம் கவனிப்பது ஒன்று உண்டு. மலைச்சாலையின் வளைவுகளை அரசு எண்ணிட்டு, சுவர் கட்டி, கண்ணாடி வைத்துப் பாதுகாக்கிறது. அதே அறிவில் பிறந்த ஏரிக்கரைகளுக்கும் வரத்து வாய்க்கால்களுக்கும் அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. வாய்க்காலில் குப்பை, கரையில் லாரி ஏறிய பள்ளம், நீர்ப்பிடிப்பில் வீட்டுமனைக் கற்கள். மாற்ற முடியாத நிலை இல்லை இது. 2010-ல் சேலத்துக் குடிமக்கள் ஒன்றுகூடி மூக்கனேரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணைக்கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன, மக்கள் நடக்க வந்தார்கள்.

இனி ஓர் ஏரியைச் சீரமைக்கும்போது திட்டத்தில் இரண்டு வரி சேர்க்கவேண்டும். கரையின் தலைமட்டம் முழுநீளமும் ஒரே அளவில் இருக்கவேண்டும். கரைமேல் நடைக்கும் சைக்கிளுக்கும் மட்டும் வழி, கனரக வண்டிக்கு இல்லை. முதல் வரி கரையைக் காக்கும். இரண்டாவது வரி, அந்தக் கரையை நாள்தோறும் பார்க்கும் கண்களைக் கொண்டுவரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், வேலைக்குப் போகும் பெண்ணும், விடுமுறையில் கொல்லிமலைக்குப் புறப்படும் இளைஞரும் தினமும் கடந்துபோகும் கரையில் ஒரு வெடிப்போ ஆக்கிரமிப்போ பல நாள் மறைந்திருக்காது. ஏரிகளைச் சங்கிலியாக இணைத்த முன்னோர் இந்தச் சமவெளி முழுவதும் மட்டமான பாதைகளின் வலை ஒன்றைக் கட்டிவைத்துப் போயிருக்கிறார்கள். புதிதாகச் சைக்கிள் பாதை தேடும் நகராட்சிகள் நிலம் எடுக்கவேண்டியதில்லை; அந்தக் கரைகளைச் செப்பனிட்டு, நிழல்மரம் நட்டு, ஊரோடு ஊரை இணைத்தால் போதும்.